செங்கதிர் மாலில் துணி காய்ந்த நாட்கள்

ஜூன் 3, திங்கள்

செருப்புக் கடையும் போய்விட்டது. காலையில் நான் வந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் நேற்று வெள்ளையடித்ததுபோல இருக்கிறது. இனி முதல் மாடியில் என் கண்ணாடிக் கடை ஒன்றுதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இந்த மால் திறந்த அன்று நான் இதே கடையில் கண் பரிசோதகராகச் சேர்ந்தேன். ஏழு வருடம் ஆகிறது. நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து பாதிக் கூட்டம் கீழேயே நின்றது. ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் படி ஏறுவதுபோல ஏறியது. இப்போது ஏறுகிற படிக்கட்டு மட்டும் ஓடுகிறது. இறங்குகிறதை மின்சாரம் மிச்சமென்று நிறுத்திவிட்டார்கள். வாசலில் பெண்களைச் சோதனை போடும் பேச்சியக்கா, "ஏத்தி விடுவாவ, எறக்கி விட மாட்டாவ" என்கிறார். சோதனை போட ஆள் வராததால் அவர் பெரும்பாலும் என் கடை ஸ்டூலில்தான் இருக்கிறார்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. நடுக்கூடத்துக் கண்ணாடிக் கூரை வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் இறங்கி எல்லா மாடிகளிலும் நிற்கிறது. குளத்துக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஜூன் 6

கடைக்கு ஒரே ஒருவர் வந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 11, செவ்வாய்

எங்கள் கடையின் கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து மறுபடியும் போன். கடையில் ஆள் நிற்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்றேன். கடையில் நின்றது ஒரு குரங்கு. மலையிலிருந்து வந்திருக்கிறது. மூன்றாம் மாடி சாப்பாட்டுக் கூடம் மூடியது தெரியாமல் மேலே போய்விட்டு, ஏமாந்து, என் கடைக் கண்ணாடி முன் உட்கார்ந்து தன் முகத்தை வெகுநேரம் பார்த்தது. விரட்ட மனம் வரவில்லை. போகும்போது ஒரு படிக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனது. கணக்கில் சேதாரம் என்று எழுதினேன்.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஜெபம் முடிந்து நேரே கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையாவது யாராவது வரலாம்.

தங்கை ஜாய்ஸ் பெங்களூரிலிருந்து பேசினாள். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது, மேலகரத்து வீட்டில் தனியாக என்ன செய்கிறாய், இங்கே வந்துவிடு என்றாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். பார்த்துக்கொள்ள வந்த பெண் நின்றுவிட்டாளாம். உனக்கென்று தனி அறை இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். நல்ல பெண்தான். எனக்கு நாற்பத்திரண்டு வயது, என் அறையை எங்கே வைப்பது என்று நானே யோசிக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 22

தியேட்டர் மானேஜர் கோமதிநாயகம் சார் வந்தார். கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டதாம். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. நல்ல திருகுதான் போட்டிருந்தேன். ஏன் தளர்கிறது என்று தெரியவில்லை. நான்காம் மாடியிலிருந்து ஒரு திருகுக்காக இறங்கி வருகிறார், அதுவும் ஓடாத படிக்கட்டில். இறுக்கிக் கொடுத்தேன். சாரலைப் பற்றியும், ஐந்தருவியில் தண்ணீர் விழுவதைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்.

பேச்சியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, திருகத்தான் பாக்கேன்" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

மத்தியானம் கோமதிநாயகம் சார் கொஞ்சம் அவசரமாக வந்தார். சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமான புது ஜோடி ஒன்று படம் பார்க்க வந்திருக்கிறது. பத்துப் பேராவது இல்லாமல் காட்சி ஓட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. அவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை. நான், பேச்சியக்கா, கூட்டிப் பெருக்குகிற இரண்டு பெண்கள், கீழே காபி விற்கிறவர், சூப்பர் மார்க்கெட் பிள்ளைகள் என்று ஆள் சேர்த்து மேலே கூட்டிப் போனார்.

ஏசி வேலை செய்யவில்லை. காற்றுக்காகப் பின்பக்க இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருந்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவுகள் வழியாக மலைமேகம் உள்ளே வந்தது. புகையாக அல்ல, ஈரமாக, மெதுவாக, இருக்கைகளுக்கு இடையில் புகுந்து வந்தது. பின்னாலிருந்து திரைக்குப் போகிற வெளிச்சம் அதில் பட்டுக் கெட்டியாகிவிட்டது. கையை நீட்டினால் நனையும் என்பதுபோல இருந்தது. நிறங்கள் எங்கள் தலைக்குமேல் ஓடின. நீலம் வரும்போது பேச்சியக்காவின் முகம் நீலமாக இருந்தது. புது மணப்பெண் திரையைப் பார்க்காமல் அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமதிநாயகம் சார் கதவருகே நின்றிருந்தார். பிறகு என் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஓர் இருக்கை காலி. எனக்குக் குளிரவில்லை.

ஜூலை 6

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். படம் என்ன கதை என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜூலை 18, வியாழன்

கீழ்த்தளத்து சூப்பர் மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். ரேக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மால் மானேஜரும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வேறு ஆள் வரும்வரை கோமதிநாயகம் சாரையே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்குகிறது. அவர் நடப்பது எந்த மாடியில் என்று இப்போது சாவிச் சத்தம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நான் ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காலியான கட்டடத்தில் எல்லாமே கேட்கிறது.

நான்கு நாளாக வெயில் இல்லை. பேச்சியக்கா ஈரத்துணி மூட்டையோடு வந்தார். பேரனின் பள்ளிக்கூடச் சட்டை காயவே இல்லையாம். காலியான சேலைக் கடைக்குள் இரண்டு தூணுக்கு நடுவில் கயிறு கட்டி, மின்விசிறியைப் போட்டு, துணியை விரித்துவிட்டார். கோமதிநாயகம் சார் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கயிறு தொய்கிறது என்று சொல்லிவிட்டு, தானே ஸ்டூலில் ஏறி இழுத்துக் கட்டினார்.

ஜூலை 30

பின்தெருப் பெண்கள் எல்லோரும் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஒருவர் இருவர் தயங்கித் தயங்கி வந்தார்கள். இப்போது காலையிலேயே வாளியோடு வரிசையாக வருகிறார்கள். சேலைக் கடை நிறைந்து, செருப்புக் கடை நிறைந்து, இன்று இரண்டாம் மாடிக் கைப்பிடிகளிலிருந்து சேலைகளை நடுக்கூடத்துக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள், கூரை ஒழுகாத பக்கமாகப் பார்த்து. பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். எங்கிருந்தோ தட்டான்கள் வந்து அவற்றுக்கு நடுவே பறக்கின்றன. சோப்பு வாசனை நான்கு மாடிக்கும் ஏறுகிறது. திறப்பு விழாவுக்குக் கட்டியிருந்த தோரணமெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

துணி காயும்வரை பெண்களுக்கு வேறு வேலை இல்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள். இருபத்திரண்டு பேருக்குக் கண் பார்த்தேன். பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதே கண் கோளாறு என்று தெரியாது.

ஆகஸ்ட் 9

என் போர்வையும் இரண்டு சேலைகளும் கொண்டுவந்து பேச்சியக்காவிடம் கொடுத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் என் போர்வைக்கு அடுத்துக் கோமதிநாயகம் சாரின் வெள்ளைச் சட்டைகள், அதற்கடுத்து என் சேலை, மறுபடி அவர் சட்டை. எடுத்து மாற்றிப் போடலாம் என்று நினைத்தேன். ஈரமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மதுரையிலிருந்து மால் முதலாளி வந்தார். சொல்லாமல் வந்தார். கூடவே சஃபாரி போட்ட ஒருவர். வாசலில் கார் நின்றபோது நடுக்கூடம் முழுக்கச் சேலை. பேச்சியக்கா வேகமாக மேலே வந்து என்னிடம் சொன்னார். நான் கைப்பிடி ஓரம் போய் நின்றேன்.

முதலாளி தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோமதிநாயகம் சார் முன்னால் போய், இதற்கு நான்தான் பொறுப்பு, இவர்கள்மீது தப்பில்லை என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையைக் கட்டவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. முதலாளி கத்தத் தொடங்கினார்.

சஃபாரிக்காரர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஒரு சேலையின் முந்தானையைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். எப்போது போட்டது என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"காலையில ஐயா."

"இந்தச் சாரல்லயா காஞ்சிட்டு?"

"ஆமாய்யா. வீட்டுல போட்டா மூணு நாளாவும்."

அவர் முதலாளியைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பார்சல் கம்பெனிகளுக்குக் கிடங்கு பிடித்துக் கொடுப்பவராம். மலையடிவாரத்துக் கட்டடம், சரக்கு நனைந்துபோகும் என்று இரண்டு மாதமாகத் தயங்கியிருக்கிறார். கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்தால் போதும், கிடங்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 22

செப்டம்பர் முடிய எல்லோரும் காலி செய்ய வேண்டும். எல்லோரும் என்றால் காபிக்கடை, தியேட்டர், நான்.

பேச்சியக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் கயிறு கட்டியது அவர். அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறார். இல்லாவிட்டாலும் மூடத்தான் போகிறார்கள் என்றேன். "இருந்தாலும் டாக்டரம்மா, நாமதான் காட்டிக் குடுத்துட்டோம் பாத்தீயளா" என்றார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

செப்டம்பர் 4

துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கயிறுகள் மட்டும் இருக்கின்றன. ஜாய்ஸ் எனக்கு அக்டோபர் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். கீழ்ப் படுக்கை.

செப்டம்பர் 14, சனி

தியேட்டரில் நாற்காலிகளைக் கழற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். முன்னால் இரண்டு வரிசைதான் மிச்சம். கழற்றுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கோமதிநாயகம் சார் மட்டும் தனியாக உட்கார்ந்து வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நடுவில் இருக்கை விடவில்லை. இரண்டு வரிசையில் எத்தனைதான் விடுவது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் திருநெல்வேலி தியேட்டர்ல சித்திர மாசமே வரச் சொல்லிட்டாங்க. நான் போவல."

"எனக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்து நாலு மாசமாச்சு" என்றேன்.

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது என்று எழுதினேன். அது உண்மைதான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எம் மவகிட்ட ஒங்களப் பத்திச் சொன்னேன்."

"என்னத்தச் சொன்னீங்க?"

"சொல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அப்பம் ஏம்ப்பா இன்னும் திருநெல்வேலிக்குப் போவாம இருக்கீங்கன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல மேடம்."

மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது அவருக்கு. நான் வேதக்கோயிலுக்குப் போகிறவள், அவர் ஒவ்வொரு வெள்ளியும் காசி விசுவநாதரைப் பார்க்கிறவர். இரண்டையும் அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவை அங்கேதான் எங்களோடு உட்கார்ந்திருந்தன. நான் எழுந்து, கடையில் ஆள் வந்திருப்பார்கள் என்றேன். கடையில் யாரும் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை.

செப்டம்பர் 19

பெட்டி கட்டினேன். அம்மாவின் சேலைகளை எடுத்துப் பார்த்து மறுபடி பீரோவில் வைத்தேன். பெங்களூரில் பீரோவுக்கு இடம் இருக்குமா என்று ஜாய்ஸிடம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

ஒரு பெண் கண் பார்க்க வந்தாள். திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாளாம். பெயர் லோகநாயகி. தலைவலி என்றாள். உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றேன். தெரியும் என்றாள்.

அப்போதுதான் அந்த நெற்றியும் காதும் யாருடையவை என்று எனக்குப் பிடிபட்டது.

அவள் பரிசோதனை நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டாள். "நீங்க ஞாயித்துக்கெழமதான கோயிலுக்குப் போவீங்க?"

"ஆமா."

"எங்கப்பா வெள்ளிக்கெழம." கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் ரெண்டும் ஒரே நாள்ல வராது."

அவள் கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே, அப்பா ரசம் நன்றாக வைப்பார், துணி மடிக்கத்தான் தெரியாது, விடுதியிலிருந்து நான் வந்துதான் மடிக்க வேண்டியிருக்கிறது என்று பேசிக்கொண்டே போனாள். கடைசியில் குரல் கொஞ்சம் மாறியது. "எங்கம்மா படம் நடுவீட்டுல இருக்கு. அது அங்கதான் இருக்கும்."

"இருக்கணும்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தலைவலிக்கு என்ன செய்வது என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 27

கோவைக்கு நானே போன் செய்தேன். வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். ஏழு வருடம் பேசிய அதிகாரி, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்றார். நான் ஒன்றையும் அவசரமாகச் செய்ததில்லை சார் என்றேன்.

பேச்சியக்கா தெற்கு ரத வீதியில் மருந்துக்கடை மாடியில், நான் தனியாகக் கடை வைக்க ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். சாயங்காலம் போய்ப் பார்த்தோம். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. ஒரே சத்தம். கண் பார்க்க ஆறு மீட்டர் நீளம் வேண்டும், இல்லை. எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டி அதில் எழுத்தைக் காட்டினால் போதும். எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜாய்ஸிடம் சொல்லிவிட்டேன். முதலில் கடையை மட்டும் சொன்னேன்.

"எக்கா, அப்பம் பிள்ளைகள யாரு பாப்பா?"

வேறு ஆள் தேடலாம், நானும் விசாரிக்கிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தால் மூச்சு மட்டும் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். கோமதிநாயகம் சார் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். மகள் இருப்பதைச் சொன்னேன்.

"பாஸ்டர் ஐயா என்ன சொல்லுவாரு? சபையில என்ன சொல்லுவாங்க?"

"தெரியல."

"அம்மா இருந்தா ஒத்துக்கிட்டிருப்பாளா?"

"மாட்டா" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

என்னிடம் இதை யாரும் எதற்கும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று நினைவில்லை. டிக்கெட்டை ரத்து செய்வதாகச் சொன்னாள். அதனால் சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

மால் மூடியாயிற்று. விளக்குகளை மேலிருந்து ஒவ்வொரு மாடியாக அணைத்துக்கொண்டு கோமதிநாயகம் சார் இறங்கி வந்தார். பேச்சியக்காவும் நானும் கீழே நின்றோம். இருட்டும் அவர்கூடவே படி இறங்கி வந்ததுபோல இருந்தது. சாவியைப் பார்சல்காரர்களிடம் கொடுத்தார். பேச்சியக்காவைக் கிடங்குக்குக் காவலாக வைத்துக்கொள்கிறார்களாம். "சோதன போட ஆளு வரும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வாசலில் சாரல் பெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் பஜார் டீக்கடைக்கு வருகிறீர்களா என்று கோமதிநாயகம் சாரிடம் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை விட்டு இரண்டு நாளாகிறது. நல்ல வெயில்.

அவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். ஏழு வருடத்தில் அவரை வெளியில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டியூப்லைட்டில் பார்த்த ஆள் வேறு. இவர் இன்னும் கொஞ்சம் வயதானவர், இன்னும் கொஞ்சம் கறுப்பு, கழுத்தோரம் வியர்வை. மீசை மை போட்டது. வெயிலில் ஓரம் செம்பட்டையாகத் தெரிந்தது. என்னிடமும் அப்படி ஏதாவது தெரிந்திருக்கும். அவர் பார்த்தது மட்டும் தெரிந்தது.

டீக்கடையில் பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாலில் நாங்கள் கிசுகிசுத்தாலே நான்கு மாடிக்கும் கேட்கும். இங்கே கத்த வேண்டியிருந்தது. நான் கடைக்குப் பிடித்திருக்கிற அறையைப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோவுக்குக் கையை உயர்த்தினார். நடந்தே போகலாம் என்றேன். அவர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோயில் முடிந்து பாதிச் சபை ரத வீதியில்தான் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும்.

நடந்தோம். ஜவுளிக்கடை முன்னால் எமி ஆன்ட்டி எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். அம்மாவோடு நாற்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். வேதாகமத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னிடம், "யாரு பியூலா இது?" என்று கேட்டார்.

"இவிய பேரு கோமதிநாயகம்" என்றேன்.

அதற்குமேல் ஏதாவது வரும் என்று ஆன்ட்டி காத்திருந்தார். பிறகு பக்கத்தில் நின்றவரை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார். கோமதிநாயகம் கும்பிட்டார். ஆன்ட்டி கும்பிடவில்லை. ஆனால், "வெயில் இப்படி அடிக்கி, குடயில்லாம நடக்கீங்களே" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

நாங்கள் தெருவின் நடுவில் நடந்தோம். பின்னால் பேச்சு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கப் போனார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். மருந்துக்கடை வரும்வரை விடவில்லை.